சுமியேவின் தவிட்டுச் சாடி

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மாமியார் ஹிசனோ பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார், நான் துடைத்துக்கொண்டே கேட்டேன். அவ்வளவுதான் என் கற்பனை வளம். அவர் என்னிடம் சொன்னதற்கு என் நற்குணம் காரணமில்லை. "உங்கிட்ட சொன்னா சொன்ன மாதிரியும் ஆச்சு, சொல்லாத மாதிரியும் ஆச்சு மாப்ள. நீ யாருகிட்ட போய் சொல்லப்போற?" என்றார். ஜப்பானுக்கு வந்து பாதி ஆயுள் போய்விட்டது, அந்த வீட்டுப் பெண்ணைத்தான் கட்டியிருக்கிறேன், ஆனாலும் அந்த வீட்டில் நானும் சுவரும் ஒன்று.

இப்போது சுவர் எழுதுகிறது. தமிழில் எழுதுவதால் ரகசியம் பத்திரமாக இருக்கும். மாமியார் ஊரான கொகுராவில் தமிழ் படிக்க ஆள் கிடையாது. தமிழ்நாட்டிலும் அப்படியொன்றும் நெருக்கியடித்துக்கொண்டு படிப்பதாகத் தெரியவில்லை.

எழுதச் சொன்னவர் பத்திரிகை நடத்தும் நண்பர். உலக அடுக்களைகள் பற்றிய சிறப்பிதழாம். "ஜப்பான்ல வீட்டு ஊறுகாய் பத்தி ஒரு கதை குடுங்க சார். கொஞ்சம் அமைதியா, கொஞ்சம் தத்துவமா. ஒரு பொறுமை தெரியணும்" என்றார். ஜப்பான் என்றால் நம் ஆட்களுக்கு அப்படித்தான். அங்கே ஒருவன் தேநீர் குடித்தால் தியானம், இங்கே குடித்தால் வெட்டிப்பொழுது. அங்கே ஒரு பெரியவர் சாப்பிட்டதும் கண்ணை மூடினால் ஞானம், நம் சித்தப்பா மூடினால் தூக்கம். நண்பர் என் மாமனார் ஷிகெஹருவோடு ஒருநாள் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்க்கட்டும். தத்துவம் அன்றைக்கே இறங்கிவிடும்.

இருந்தாலும் கேட்டாரே என்று தொடங்கிப் பார்த்தேன்.

"காலைப் பனியில் கொகுரா நகரம் மெல்லக் கண்விழித்தபோது, ஒரு பெண்மணியின் மெலிந்த விரல்கள்—"

(வேண்டாம். கொகுராவைக் காலையில் எழுப்புவது சரக்கு லாரி. ஹிசனோவின் விரல்களும் மெலிந்தவை அல்ல.)

"சாடியின் மூடியைத் திறந்ததும் காலம் நின்றது."

(காலம் எங்கும் நிற்கவில்லை. புளித்த வாடைதான் வந்தது.)

"ஹிசனோவின் கணவருக்கு நாக்கு உண்டு, அந்த நாக்கைப் பற்றிய பெருமையும் உண்டு. கை மட்டும் கிடையாது."

இது இருக்கட்டும். இங்கிருந்து போகலாம். கதைக்குள் மாமியாரை அவள் என்றுதான் எழுதப்போகிறேன். அந்தச் சுகத்துக்காகவாவது மருமகன்கள் கதை எழுத வேண்டும்.

2.

ஹிசனோவின் கணவருக்கு நாக்கு உண்டு, அந்த நாக்கைப் பற்றிய பெருமையும் உண்டு. கை மட்டும் கிடையாது. ஷிகெஹரு உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆலையில் அந்தக் கைகள் என்னென்னவோ செய்திருக்கலாம். வீட்டுக்குள் வந்தால் அவை சாப்பாட்டுக் குச்சிகளைப் பிடிக்கும், செய்தித்தாளைப் புரட்டும், அதோடு சரி.

அடுக்களைத் தரையில் ஒரு பலகையைத் தூக்கினால் கீழே குளிர்ச்சியான குழி. அதற்குள்தான் சாடி. சாடிக்குள் அரிசித் தவிடும் உப்பும் நீரும் கலந்து புளித்த ஈரச் சேறு. வெள்ளரியையும் கத்தரியையும் முள்ளங்கியையும் இரவு அதில் புதைத்துவிட்டு, காலையில் தோண்டி எடுத்துக் கழுவி நறுக்கினால் ஊறுகாய். முற்றிய தவிட்டை ஒரு கரண்டி அள்ளி அயிலை மீனோடு வேகவைப்பதும் அந்த ஊரில் உண்டு. சாப்பிடச் சுகம்தான். ஆனால் தினமும் வெறுங்கையால் அடிவரை விட்டுக் கிளற வேண்டும். கரண்டி கூடாது, கையுறை கூடாது. கிளறுகிறவளின் கையில் இருப்பதுதான் தவிட்டில் இறங்கிப் புளிக்கவைக்கிறது என்பார்கள். அதனால் ஒரு வீட்டுச் சாடி மாதிரி இன்னொரு வீட்டுச் சாடி இருக்காது. நம் ஊரில் கைப்பக்குவம் என்று பாராட்டிவிட்டு இலையை மூடுவோம். இவர்கள் அதை நிஜமாகவே நம்புகிறார்கள்.

* நம் பக்கத்தில் பிள்ளைகளைச் சீண்ட "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்பார்கள். அழுத பிள்ளைகளில் நானும் ஒருவன். தவிட்டுக்கு இவ்வளவு மரியாதை கிடைக்கும் ஒரு நாட்டில் வந்து விழுவேன் என்று அப்போது தெரியாது.

சாடி ஹிசனோவுடையது அல்ல. ஷிகெஹருவின் முதல் மனைவி சுமியேவுடையது. மகள் மினோரி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே சுமியே இறந்துவிட்டாள். சில வருடம் கழித்து இரண்டாம் தாரமாக ஹிசனோ அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது, வீட்டுச் சாவிக்கு முன்பே இந்தச் சாடிதான் கைக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் அதைக் கிளறிக்கொண்டிருந்த நாத்தனார், "அண்ணிகாரி கை இதுல இருக்கு, பாத்துக்க" என்று தள்ளிவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் இதுதான் நடக்கும். ஹிசனோ ஊறுகாயை நறுக்குவாள். முதல் துண்டுகள் சின்னத் தட்டில் வைக்கப்பட்டுப் பூஜை மாடத்துக்குப் போகும். அங்கே சுமியே படத்தில் சிரித்துக்கொண்டிருப்பாள். ஷிகெஹரு மணியைத் தட்டிக் கும்பிட்டுவிட்டு வந்து உட்காருவார். ஒரு துண்டு வெள்ளரியைக் கடிப்பார். கண்ணை மூடுவார்.

"ம். சுமியே ருசி."

"அப்படிங்களா."

"அப்படியே இருக்கு. கொஞ்சம்கூட மாறல. நீ நல்லாத்தான் பாத்துக்கற."

நல்லாத்தான் பாத்துக்கற. வாட்ச்மேனிடம் சொல்வது மாதிரி. ஹிசனோ மீதி வெள்ளரியை நறுக்கினாள்.

3.

அந்தச் சாடி செத்தது ஒரு ஆகஸ்டில்.

ஹிசனோவுக்குப் பித்தப்பையில் கல். ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். கிளம்பும்போது கணவனிடம் சொன்னாள்.

"என்னங்க, தினமும் ஒருவாட்டி கைய விட்டு அடிவரைக்கும் கிளறிடுங்க. வெயில் காலம். மறந்துட்டா போயிரும்."

"ம்."

"வெறுங்கையால."

"தெரியும் போ. சுமியே செய்யறத எத்தன வருஷமா பாத்திருக்கேன்."

பார்த்திருக்கிறார், அது உண்மை. வயிற்றில் கட்டோடு திரும்பி வந்ததும் ஹிசனோ முதலில் தூக்கியது அந்தப் பலகையைத்தான். மூடியைத் திறந்ததும் பெயிண்ட் கடைக்குள் யாரோ ஈரக் காலுறையை வேகவைப்பது மாதிரி ஒரு வாடை. மேலே கறுப்பும் ஆரஞ்சுமாகப் பூஞ்சை. கையை விட்டுப் பார்த்தாள். அடிவரை குழகுழவென்று போய்விட்டிருந்தது.

"கிளறுனீங்களா?" என்று கேட்டாள்.

"கிளறுனேன் கிளறுனேன்" என்றார் ஷிகெஹரு, பேஸ்பால் ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்போதே சத்தம் போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். ஹிசனோ போடவில்லை. செத்தது சுமியேவின் கை. அது யார் பொறுப்பில் செத்தது என்று அந்தக் குடும்பம் கேட்கும். ஷிகெஹருவின் பொறுப்பில் என்று யாரும் சொல்லப்போவதில்லை. மூத்தாளின் சாடியை இரண்டாந்தாரம் கொன்றுவிட்டாள் என்றுதான் வரும். நாத்தனார் அதற்காகவே பேருந்து ஏறி வருவாள்.

அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து ஹிசனோ சாடியைக் காலி செய்தாள். செய்தித்தாளில் பொதிந்து, வாடையை மறைக்கத் தேயிலைச் சக்கையைப் போட்டு, எரிக்கிற குப்பைப் பைக்குள் திணித்தாள். திணிக்கும்போது தவிட்டுக்குள் கை இரும்பில் இடித்தது. கத்தரிக்காய் நிறம் மங்காமல் இருக்க இரும்பு போட்டுவைப்பது வழக்கம். நாலைந்து துருவேறிய ஆணிகள், ஒரு பெரிய போல்ட். பார்த்தாள். இரும்பு எரிக்கிற குப்பையில் போகக் கூடாது. எடுத்துக் கழுவித் துடைத்துத் தனியாக வைத்தாள்.

(இதை நான் இட்டுக்கட்டவில்லை. குடும்பமே குடியைக் கெடுத்தாள் என்று திட்டப்போகும் ஒரு காரியத்தைத் திருட்டுத்தனமாகச் செய்துகொண்டிருக்கிறாள், அதிலும் குப்பையைத் தரம் பிரிக்கிறாள். இந்த நாட்டில் கொலை செய்கிறவன்கூடக் கத்தியை உலோகக் குப்பை நாளுக்கு எடுத்துவைப்பான்.)

காசு போட்டு அரிசி தீட்டும் கொட்டகையிலிருந்து புதுத் தவிடு அள்ளி வந்தாள். உப்பு, கடற்பாசி, காய்ந்த மிளகாய், புது ஆணிகள். புதுத் தவிடு உடனே வேலைக்கு வராது. முட்டைக்கோஸின் மேல் இலைகளைப் புதைத்து, எடுத்து எறிந்து, மறுபடி புதைத்துப் பழக்க வேண்டும். அதுவரை காலைச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? சந்தையில் பொட்டலத்தில் விற்கும் ஊறுகாயை வாங்கி வந்து நறுக்கிவைத்தாள். இன்றைக்கு மாட்டிக்கொள்வோம் என்று நினைத்தாள். மாட்டிக்கொண்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றும் நினைத்தாள்.

ஷிகெஹரு மணியைத் தட்டினார். கும்பிட்டார். கடித்தார். கண்ணை மூடினார்.

"இதான். இதான் சுமியே."

4.

இந்த இடத்தில் எனக்கே ஷிகெஹரு மேல் சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு மட்டமாகவா ஒரு மனிதரை எழுதுவது? வாசகர் நம்ப வேண்டாமா?

வடக்கே செந்தாய் நகரத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். என் மனைவி மினோரி, அதாவது ஷிகெஹருவின் அதே மகள், எதிரே நின்று எட்டிப் பார்த்தாள். தமிழ் எழுத்து அவளுக்கு ஜிலேபி.

"என்ன எழுதற?"

"ஊறுகாய்."

"அதுக்கு ஏன் மொகத்த இப்படி வச்சிருக்க?"

"உங்கப்பா வராரு இதுல."

"அய்யோ. அவர கொஞ்சம் மனுஷனா எழுது. அவரு கெட்டவரு இல்ல. ஒண்ணுமே கவனிக்க மாட்டாரு, அவ்வளவுதான்."

"அது பத்தாதா?"

"ஹிசனோசானுக்கு வருஷா வருஷம் குளிர் காலத்துல கைக்கு கிரீம் வாங்கிக் குடுப்பாரு தெரியுமா? அவரே கடைக்குப் போயி, அவரே எடுத்து. கையெல்லாம் உப்புல வெடிச்சுருக்குன்னு. எங்கம்மாவுக்குக்கூட வாங்கினதில்ல."

சிற்றன்னையை அவள் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள், பின்னால் மரியாதையாக ஒரு சானோடு. அம்மா என்று ஒருநாளும் அழைத்ததில்லை. ஹிசனோவும் எதிர்பார்த்ததில்லை.

கிரீமைக் கதையில் சேர்த்துக்கொள்கிறேன். நல்ல விஷயம்தான், மனிதர் பிழைத்துப் போகட்டும். ஆனால் கிரீம் பூசிய கையைத் தவிட்டுக்குள் விட முடியாது, வாசனை ஏறிவிடும். சாடி வைத்திருக்கும் எந்தப் பெண்ணும் கைக்கு எதையும் பூசுவதில்லை. ஹிசனோவின் அலமாரி இழுப்பறையில் பிரிக்காத கிரீம் டப்பாக்கள் வரிசையாக இருக்கின்றன. அந்தக் கை எதற்குள் போய் வருகிறது என்று அவர் ஒருநாளாவது யோசித்திருந்தால் ஒரு டப்பாவோடு நிறுத்தியிருப்பார்.

மனுஷனாக எழுதியாயிற்று. இதற்கு மேல் என்னால் ஆகாது.

5.

எங்களுக்குக் கல்யாணமாகி, வேலை மாற்றலாகிச் செந்தாய் கிளம்பும் முன் கொகுராவுக்குப் போயிருந்தோம். மகள் அவ்வளவு தூரம் போகிறாள் என்றதும் ஷிகெஹரு ஒரு முடிவு எடுத்தார். சாடியில் பாதியை அவளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். தாயின் கை மகளோடு போக வேண்டும். "எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்" என்றார். பார்த்துக்கொள்வதில் அவரை அடிக்க ஆள் கிடையாது.

அதற்கு முந்தின நாள்தான் ஹிசனோ பாத்திரம் கழுவினார், நான் துடைத்தேன்.

"மாமாவுக்குத் தெரியவே தெரியாதா அத்த?"

"ருசி மாறியிருக்கேன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தார்னா அன்னிக்கே சொல்லியிருப்பேன் மாப்ள. தினமும் காத்துக்கிட்டிருந்தேன். புதுத் தவிட்டுல முதல் கத்தரிக்காய எடுத்து நறுக்கி அவரு முன்னாடி வச்சேன். இது என்னோடது, எல்லாமே என்னோடது. கண்ண மூடிக்கிட்டு சுமியேன்னாரு."

"திட்டணும்னு தோணலயா?"

"திட்டறதா? சந்தோஷமாத்தான் இருந்துச்சு. நல்லாருக்குன்னு சொல்றாரே. அப்புறம் அந்தப் பொம்பள படத்துக்கு முன்னாடி வைக்கப் போனேன் பாரு, அப்பத்தான் வயிறு எரிஞ்சுது. நான் போட்டத அவளுக்கே படைச்சு, அவ பேரச் சொல்லித் திங்கறாரு. செத்தவ மேல பொறாமப்படலாமா? பட்டேன். இத்தன வருஷமும் பட்டேன்."

தட்டை என் கையில் கொடுத்தார். கை வெடித்துச் சிவந்திருந்தது.

"நாளைக்கு சொல்லிடப் போறேன். மினோரிக்குக் குடுக்கும்போது, எல்லாரு முன்னாடியும். அந்தப் பொண்ணு பொய்யத் தூக்கிக்கிட்டு அவ்ளோ தூரம் போகக் கூடாது. அதுவும் இல்லாம..." குழாயை மூடினார். "ஒரேயொரு தடவ, இது ஹிசனோ கைன்னு அவரு வாயால சொல்லணும். திட்டிக்கிட்டே சொன்னாலும் சரி."

அந்த ஆணிகளையும் போல்ட்டையும் கழுவித் தனியாக எடுத்துவைத்த கதையையும் அப்போதுதான் சொன்னார். அவற்றைப் பிறகு எறிந்தாரா, வைத்திருக்கிறாரா என்று நான் கேட்கவில்லை. போல்ட்டைப் பற்றி யார் கேட்பார்கள்?

* நல்ல கதைசொல்லி கேட்டிருப்பான். என் தரத்துக்கு இதுதான் வரும்.

6.

மறுநாள் மதியம். அடுக்களையில் ஹிசனோவும் மினோரியும். ஒரு கதவு தள்ளிப் பூஜை மாடத்து அறையில் நானும் ஷிகெஹருவும், நடுவில் சாக்கே என்கிற அரிசி மது. கதவு பாதி திறந்திருந்தது. எனக்கு முதுகுகள் மட்டும் தெரிந்தன. ஆகவே இனி வருவதில் காதில் விழுந்தது நிஜம், மற்றது நான் வைத்தது.

ஷிகெஹரு படத்தைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து ஒரு சொற்பொழிவு ஆற்றினார். ஒரு பெண் போன பிறகும் அவள் கை வீட்டில் இருக்க முடியும், நாக்கு உள்ளவனுக்குத்தான் அது தெரியும், இந்தக் காலத்தில் யாருக்கு நாக்கு இருக்கிறது, இத்யாதி. பிறகு அடுக்களையைப் பார்த்துக் கத்தினார்.

"ஏய், நீ அள்ளிக் குடுக்காத! மினோரி கைய விட்டு எடுக்கட்டும்! அவங்கம்மா கை போன எடத்துல அவ கை போகட்டும்!"

"சரிங்க" என்றது ஹிசனோவின் குரல்.

பலகையைத் தூக்கும் சத்தம். மூடி. ஹிசனோ கையைத் துண்டில் துடைத்தாள், துடைத்த கையை மறுபடி துடைத்தாள். காலையிலிருந்து ஒத்திகை பார்த்த வாக்கியத்தைத் தொடங்கினாள்.

"மினோரி, எடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்."

"இருங்க ஹிசனோசான், மொதல்ல நான் ஒண்ணு கேட்டுக்கறேன். இதுக்குள்ள ஒரு போல்ட்டு இருக்கும்ல?"

"போல்ட்டா?"

"அப்பா ஆலையிலேருந்து கொண்டுவந்தது. நட்டு இறுகிப்போயி திருகவே வராது. நான் அதத்தான் வச்சு விளையாடுவேன். ஒருநாள் அம்மா என் கையப் பிடிச்சு இதுக்குள்ள போட வச்சாங்க. கத்தரிக்கா நல்ல நீலமா வரும், தினமும் நீதான்டி நிறம் குடுக்கறேன்னாங்க." குரல் சின்னதாகிவிட்டது. "அம்மா ருசியெல்லாம் எனக்கு ஞாபகமே இல்ல. அப்பா சொல்றாருன்னு தலைய ஆட்டுவேன். போல்ட்டுதான் ஞாபகம் இருக்கு. அத ஒருவாட்டி தொட்டுப் பாத்துக்கறேன்."

என் கையில் இருந்த சாக்கே கிண்ணம் பாயில் கவிழ்ந்தது. "என்ன மாப்ள, அதுக்குள்ளயா?" என்று ஷிகெஹரு சிரித்தார்.

மினோரியின் கை உள்ளே போயிற்று. ஈரத் தவிட்டை ஒரு கை துழாவினால் வரும் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர முயன்று இரண்டு முறை அடித்துவிட்டேன். விடுங்கள். மேலே துழாவினாள். ஓரமாகத் துழாவினாள். முழங்கை வரை விட்டு அடியில் துழாவினாள். ஹிசனோ நின்ற இடத்திலேயே நின்றாள். சொல்லிவிடலாம், இப்போதாவது சொல்லிவிடலாம் என்று மனசு அடித்துக்கொண்டது. இவ்வளவு நாளும் அவள் பயந்தது சாடிக்காக, நாத்தனாருக்காக, ஊர் வாய்க்காக. ஒரு சின்னப் பெண்ணின் விளையாட்டுச் சாமானைத் தூக்கி எறிந்திருப்போம் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

துழாவும் சத்தம் நின்றது. மினோரி தலையைத் தூக்கி ஹிசனோவைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது முதுகு.

"என்ன, கெடச்சுதா?" ஷிகெஹரு கத்தினார்.

தன் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"மினோரி!"

"இருக்குப்பா."

"பாத்தியா! எடுத்துக் காட்டு, மாப்ளயும் பாக்கட்டும்!"

"வேணாம்ப்பா. இங்கயே இருக்கட்டும். கத்தரிக்காய்க்கு வேணும்ல."

ஷிகெஹரு என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "சுமியே" என்றார். "எங்கயும் போகல பாத்தியா மாப்ள." எனக்கு அந்த மனிதரை உலுக்கிவிடலாம் போல இருந்தது. அடுக்களையில் மினோரி தவிட்டைப் பிடி பிடியாக டப்பாவில் அள்ளினாள். அள்ளிக்கொண்டே கேட்டாள்.

"நீங்க என்னமோ சொல்லணும்னீங்களே ஹிசனோசான்?"

"உப்பு" என்றாள் ஹிசனோ. "அந்த ஊரு குளிரு. உப்ப கொஞ்சம் கொறச்சுக்க. அதான்."

7.

இங்கே ஒரு முடிவு வைக்க வேண்டும். கைவசம் சில இருக்கின்றன.

முதலாவது: மினோரி தவிடு ஒட்டிய கையோடு ஹிசனோவைக் கட்டிக்கொண்டு "அம்மா" என்கிறாள். வெளியே பூ உதிர்கிறது. (பத்திரிகை நண்பருக்கு இது போதும், படம் வரையவும் வசதி. ஆனால் அந்தக் கையோடு கட்டிக்கொண்டால் அந்தச் சட்டையை எரிக்கிற குப்பையில்தான் போட வேண்டும்.)

இரண்டாவது: ஹிசனோ சாடியைத் தூக்கித் தரையில் போட்டு உடைக்கிறாள். (தவிடு நிரம்பிய சாடியை நான் தூக்கிப் பார்த்திருக்கிறேன். உடைவது இடுப்பாகத்தான் இருக்கும்.)

மூன்றாவது: ஷிகெஹருவுக்கு எல்லாம் முன்பே தெரியும். அந்த ஆகஸ்டில் வாடை அவர் மூக்கிலும் ஏறியிருக்கும்தானே? கிளறாதது தெரியும், செத்தது தெரியும், மனைவி புதிதாகப் போட்டது தெரியும். தன் தப்பை மறைக்கத்தான் தினமும் கண்ணை மூடிக்கொண்டு சுமியே, சுமியே என்று—

இதை எழுதிக்கொண்டு போனேன், நன்றாகவே வந்தது, பாதியில் நிறுத்திவிட்டேன். தப்பை மறைக்கவாவது ஒருவன் எதையாவது கவனித்திருக்க வேண்டும். அந்தப் பெருமையை அவருக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை.

போல்ட் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டே வழிதான். ஒன்று, ஹிசனோ அதை எறியாமல் கிரீம் டப்பாக்களோடு இழுப்பறையில் போட்டுவைத்து, என்றோ திரும்பப் புதைத்திருக்க வேண்டும். அப்படியானால் அவர் முகம் ஏன் அப்படி இருந்தது? (முகத்தை நான் பார்க்கவில்லை. முதுகு ஏன் அப்படி இருந்தது?) இல்லையென்றால், மினோரியின் கைக்குப் புது ஆணிகள் மட்டும்தான் தட்டுப்பட்டன. அவளுக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்து, சிற்றன்னையைக் காப்பாற்ற அப்பாவிடம் பொய் சொன்னாள். பெரிய மனசுதான். அந்தப் பெரிய மனசுதான் ஹிசனோவின் வாயில் பூட்டுப் போட்டது. இனி அந்தச் சாடி செத்தாலும் பிழைத்தாலும் சுமியேவுடையது. கொடுமைக்காரர்களிடமிருந்து தப்பிக்க வழி இருக்கிறது, இரக்கப்படுகிறவர்களிடமிருந்து கிடையாது.

கேட்டால் தெரிந்துவிடும். நேற்று கேட்டேன்.

"அன்னிக்கு அந்தப் போல்ட்டு நிஜமாவே இருந்துச்சா?"

மினோரி எங்கள் வீட்டுச் சாடிக்குள் கை விட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"இருக்குன்னுதான சொன்னேன்?"

"சொன்ன. இருந்துச்சா?"

"இல்லாம இருக்கும்னு நீ ஏன் நெனைக்கற?"

எனக்குத் தெரியும் என்று சொன்னால் ஹிசனோவைக் காட்டிக்கொடுத்ததாக ஆகிவிடும். "சும்மா, கதைக்கு" என்றேன். அவள் மறுபடி கிளறினாள். இரண்டு பேரும் ஒரே ரகசியத்தை ஒருவரிடமிருந்து ஒருவர் மறைக்கிறோமா, அல்லது நான் மட்டும் முட்டாளா என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். கொகுராவில் அந்தச் சாடி இன்னமும் தரைக்கடியில் இருக்கிறது. கையை விட்டால் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். அதே வீட்டில், அதே குழிக்கு மேல், தினமும் ஒருவர் உட்கார்ந்து சாப்பிடுகிறார். இதுவரை அவர் கையை விட்டதில்லை, இனியும் விடமாட்டார்.

8.

கதையை அங்கேயே முடித்திருப்பேன். இன்று காலை ஃபோன் வந்துவிட்டது.

செந்தாய்க் குளிரில் எங்கள் தவிடு வேறு மாதிரி ஆகிவிட்டது. உப்புக் குறைவு, புளிப்பு ஜாஸ்தி, பின்னால் லேசாக ஒரு காரம். கொகுரா ருசி இல்லவே இல்லை. கிளறுவது மினோரி, அவள் கை ஏறிவிட்டது, சாப்பிடுகிற எனக்குத் தெரியாதா? அதில் ஊறிய கத்தரிக்காயைக் குளிர்பெட்டிப் பார்சலில் அப்பாவுக்கு அனுப்பியிருந்தாள். நீலம் நன்றாகவே வந்திருந்தது.

ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டு மினோரி எங்கள் சாடியைக் கிளறத் தொடங்கினாள். மென்றுகொண்டே வந்தது ஷிகெஹருவின் குரல்.

"அப்படியே! அப்படியே சுமியே!"

மினோரி என்னைப் பார்த்தாள். நான் மேசையைப் பார்த்தேன். கை மாறி, ஊர் மாறி, தவிடு செத்து, வேறு தவிடு பிறந்து, அதுவும் பாதியாகி, அந்த நாக்கு மட்டும் மாறவில்லை.

"ஏய், நீயும் பேசு" என்று அவர் சொல்வது கேட்டது. ஃபோன் கை மாறும் சத்தம். பிறகு ஹிசனோ.

"மாப்ள இருக்காரா?"

"இருக்கேன் அத்த."

"நீ சாப்ட்டியா?"

"தினமும் சாப்டறேன் அத்த."

"உனக்கு எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு."

"நல்லாருக்குன்னு எல்லாரும் சொல்லுவாங்க." அந்தக் குரலில் சிரிப்பு இல்லை. "நீ சொல்லு மாப்ள. யாரு கை மாதிரி இருக்கு?"

அந்தப் பக்கம் ஷிகெஹரு மெல்லுவதை நிறுத்திவிட்டார் போலிருக்கிறது. இந்தப் பக்கம் மினோரி சாடிக்குள் கையை விட்டபடி அசையாமல் நிற்கிறாள். ஒரு பெண் இவ்வளவு வருஷம் காத்துக்கிடந்த ஒரு வார்த்தையை, சொல்ல வேண்டியவர் சொல்லாததால், சுவரிடம் கேட்கிறாள். உண்மையைச் சொன்னால் அது மினோரியின் கை. அத்தை கேட்க விரும்புவது தன் பெயரை. அதைச் சொன்னால் மாமனார் காதில் விழும், எல்லாமே வெளியே வரும். சொல்லாவிட்டால் இன்னொரு ஷிகெஹரு நான்.

"அத்த, இது—"

இதற்கு மேல் இந்த வாக்கியம் என் கையில் நகரவில்லை. இவ்வளவு பக்கமும் ஒருவர் விடாமல் எல்லோரையும் வாய் கிழிய ஏசியவன் நான். நீங்களும் கூடவே வந்து, என்ன மனுஷன் இவர், ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடும் என்று மனசுக்குள் பேசிக்கொண்டுதானே இருந்தீர்கள்? நல்லது. இந்தாருங்கள், ஃபோனைப் பிடியுங்கள். ஸ்பீக்கரில்தான் இருக்கிறது, மாமனார் பக்கத்திலேயே இருக்கிறார். அத்தை கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார், சொல்லுங்கள்.